வாய் திறந்தவள்

பயிற்சிக்கு வருகிற தலைமையாசிரியர்களிடம் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது. "சொல்லுங்க, ஒரு நல்ல தலைவருக்கு என்ன வேணும்?" என்று மேடையிலிருந்து கேட்டால், குனிந்து பேனா மூடியைத் தேட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இருமினால் நாமும் இரும வேண்டும். பதில் தெரிந்திருந்தால் அதை விழுங்கிவிட வேண்டும். நன்றாகப் பதில் சொன்னவரை அடுத்த பயிற்சியில் கருத்தாளர் ஆக்கிவிடுவார்கள். கருத்தாளர் என்றால் மேடையில் நின்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஒருமுறை ஆகிவிட்டால், தன் பள்ளிக்கூடத்தைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

பக்ருன்னிசா இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போது அவள் தலைமையாசிரியை ஆகிச் சில மாதங்கள்தான் இருக்கும். கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி, மொட்டைப் பாறைகளுக்கு நடுவில் இருக்கும் கம்பூத்துப்பட்டி நடுநிலைப்பள்ளி. எட்டு வகுப்புக்கும் அவளும் உதவியாசிரியர் கண்ணுச்சாமியும்தான். மற்ற இடங்கள் காலி. பள்ளிக்கு வராத பிள்ளையை எப்படி வரவைப்பது என்று மேடையில் கேட்டார்கள். மண்டபமே பேனா மூடியைத் தேடியது. அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து சொல்லிவிட்டாள். காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். "பிள்ளைக்குத் தலை சீவி விடு தாயி, நான் நிக்கிறேன்" என்பேன். ஒரு டீச்சர் குடையில்லாமல் வெயிலில் நிற்பதை எந்தத் தாயும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வருஷம் முடிவதற்குள் அதற்கு 'வாயில் அணுகுமுறை' என்று பெயர் வைத்து, வழுவழுத் தாளில் அச்சடித்து, மாவட்டம் முழுக்கச் சொல்லிக்கொடுக்க அவளையே அனுப்பினார்கள். திருமங்கலத்தில் சொன்னாள், உசிலம்பட்டியில் சொன்னாள், மேலூரில் சொன்னாள். கம்பூத்துப்பட்டி வாசல்களில் நிற்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

2004ஆம் வருஷம், காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு மறுபடியும் ஒரு பயிற்சி வந்தது. தலைமைப் பண்புப் பயிற்சி, மதுரையில், ஐந்து நாள். அதே சமயம் இன்னொரு சேதியும் வந்திருந்தது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் பிள்ளைகள் சரியாக வராத பள்ளிகளுக்குக் கல்வி அலுவலர் ஒரு நாள் வருவார், தலையை எண்ணுவார். பாதிக்குக் குறைந்தால் மேல் வகுப்புகளை எடுத்து, திருச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். இரவும் பகலும் லாரி பறக்கும் ரோடு அது. பையன்கள் தாண்டிப் போவார்கள். பெண் பிள்ளைகள் அதோடு நின்றுவிடுவார்கள். இது ஊருக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும்.

பயிற்சியின் மூன்றாம் நாள் காலையில் பக்ருன்னிசா சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் கணவன் சுலைமான் வீட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெரிய பிரியாணிச் சட்டி ஒன்றுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோரிப்பாளையம் சந்தில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவனுடையது. வீடு பின்னால், கடை முன்னால். ராத்திரி பெய்த மழையில் சந்து முழுக்கச் சேறும் புளித்தண்ணீருமாக இருந்தது. தர்கா பக்கமிருந்து சாம்பிராணி வாசம் ஈரத்தோடு வந்தது.

சட்டிக்குள்ளிருந்து சுலைமானின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "பக்ரு, இன்னைக்கு உங்க பயிற்சிக்கு நம்ம சட்டிதான் போகுது. புரட்டாசிங்கிறதால வெஜிடபிளாம். கேரட்டையும் பீன்ஸையும் பாத்து நம்ம சட்டி வெக்கப்படப்போகுது."

"யாரு வந்து சொன்னது?"

"பாலகணேஷ் சார்தான். நேத்து வந்தாரு. தங்கமான மனுசன், டீ குடிச்சிட்டுத்தான் போனாரு."

பாலகணேஷ் பயிற்சி மையத்தின் மேற்பார்வையாளர். இளவயசு. எந்த நேரமும் சட்டைப் பையில் மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா வைத்திருப்பான்.

"சட்டி கேக்கவா அவரு அம்புட்டுத் தூரம் வந்தாரு?"

சுலைமான் சட்டியிலிருந்து தலையை எடுத்தான். முகத்தில் கரி. "ஒன்னைய இங்க மையத்துலயே நிரந்தரமாப் போட்டுர்றாங்களாம். நடந்தா பத்து நிமிசம். பஸ் கெடையாது, கொட்டாம்பட்டி கெடையாது. ஒனக்குச் சம்மதமான்னு கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

பக்ருன்னிசா செருப்பில் ஒரு காலை விட்டபடி நின்றாள். "நீங்க சரின்னீங்களா?"

"வேற என்னாங்கிறது?"

"நிக்காஹ்லகூட பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வரச்சொல்லி வக்கீல உள்ள அனுப்புறாங்க. நீங்க எனக்கு மாப்பிள்ளை. என் பள்ளிக்கூடத்துக்கு யாருங்க வக்கீல்?"

உள்ளே பிளஸ் டூ படிக்கும் சபிஹா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறிச் சிரித்தாள். "அத்தா, மாட்டிக்கிட்டீங்க."

"நீ சும்மா இரு. ஒனக்காகவுந்தான் சரின்னேன். பரீட்சை வருசம், அம்மா பக்கத்துல இருந்தா நல்லதுதானே?"

"ஐயோ அத்தா! அம்மா இங்கயே இருந்தா படி படின்னு என் உசுர வாங்கும். கம்பூத்துப்பட்டிக்கே போகட்டும்."

சுலைமான் சிரிக்கவில்லை. கையிலிருந்த புளியைச் சட்டிக்குள் போட்டான். "போன ஐப்பசில பஸ் கெடைக்காம நனைஞ்சு வந்து ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப யாரு பாத்தா? அந்த ஊரா பாத்துச்சு? ராத்திரியில முட்டிய நீ தடவிக்கிட்டு உக்காந்திருக்கிறத நான் பாக்கலன்னு நெனச்சியா? நான் ஒண்ணும் ஒன்னைய அடைச்சு வைக்கணும்னு சொல்லல பக்ரு. வயசு ஆகுதுங்கிறேன்."

அது அவளுக்குச் சுருக்கென்றது. அவன் பொய் சொல்லவில்லை. காலையில் மாட்டுத்தாவணியில் ஒரு பஸ், கொட்டாம்பட்டியில் இறங்கி இன்னொன்று, அது வராவிட்டால் பால்வண்டி. திரும்பி வரும்போது யானைமலை இருட்டில் படுத்துக் கிடக்கும். அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்காவது எழுந்து எங்காவது போயிருக்குமா என்று சின்னப்பிள்ளை மாதிரி ஒரு நினைப்பு அவளுக்கு வரும். போயிருக்காது. அவளும் அடுத்த நாள் போவாள். முட்டி வலிக்கத்தான் செய்யும்.

"வலி என்னோடது," என்றாள். "சரிங்கிறதும் வேணாங்கிறதும் நாந்தான் சொல்லணும்."

மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பயிற்சி மண்டபத்தில் அன்றைக்கு 'நம்பிக்கை விழுதல்' என்ற விளையாட்டு நடந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர்கள் பிடிக்க வேண்டும். தலைவர் தன் குழுவை நம்பப் பழக வேண்டுமாம். தலை நரைத்த தலைமையாசிரியர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். விருமாண்டி சாரின் முறை வந்தது. சேடப்பட்டிப் பக்கத்து ஆள். ஆள் பருமன், ஓய்வுபெறும் வயசு. மேடையைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பக்கத்தில் இருப்பவர் காதில் மட்டும் முணுமுணுப்பார்.

"ஏம்மா பக்ருன்னிசா, விழுந்தா புடிச்சிருவாகளா?"

"புடிப்பாங்க சார்."

"சர்வீஸ் பூரா டிப்பார்ட்மெண்டு ஒருவாட்டி புடிச்சதில்ல. இவுகளா புடிக்கப்போறாக?"

அவர் விழவில்லை. கழுத்துப் பிடிப்பு என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பாலகணேஷ் தன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். "டீச்சர், உங்க ஊர்லருந்து."

மறுமுனையில் கண்ணுச்சாமி காசு போடும் போனில் கத்தினார். "டீச்சர்! ராத்திரி மழை பெஞ்சிருச்சு. ஊரே கடலை பறிக்க எறங்கிருச்சு. மேல் வகுப்புல நாலஞ்சு தலைதான் உக்காந்திருக்கு. அலுவலர் மேலூர்ல பாத்துக்கிட்டு இருக்காராம், மத்தியானம் நம்ம பக்கம் வாராராம்!"

"நீங்க காட்டுக்குப் போயிக் கூப்பிடுங்க சார்."

"நான் போயிட்டா சின்ன வகுப்ப யாரு பாக்குறது? ஒண்ணாப்புப் பய ஒருத்தன் ஏற்கெனவே கெணத்துப் பக்கம் போயிட்டு வந்தான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

போன் துண்டித்தது. பக்ருன்னிசா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சார், நான் போறேன்."

"எங்க?"

"என் பள்ளிக்கூடத்துக்கு."

பாலகணேஷ் பதறினான். "டீச்சர், மெட்ராஸ்லருந்து இணை இயக்குநர் வாராங்க, தெரியும்ல? வாயில் அணுகுமுறைய நீங்கதான் செஞ்சு காட்டணும். தெர்மாக்கோல்ல கதவு செஞ்சு வச்சிருக்கோம், பாருங்க. இன்னைக்கு மட்டும் நில்லுங்க. சாயங்காலம் உங்க ஆர்டர்ல அவங்க கையெழுத்தே வாங்கிருவேன்."

மேடையில் நிஜமாகவே ஒரு கதவு நின்றது. தெர்மாக்கோலில் வெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் கோலம்கூட வரைந்திருந்தார்கள். பின்னால் வீடு இல்லாத கதவு. அதன் முன்னால் நின்று, "தலை சீவி விடு தாயி" என்று அவள் யாரைக் கூப்பிடுவது? உள்ளேயிருந்து யார் வருவார்கள்?

அவள் மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு வேலைநாள். உங்க பள்ளிக்கூடத்துல இப்ப யாரு இருக்கா?"

மண்டபம் குனிந்தது. பேனா மூடிகள் தொலைந்தன. யாரோ இருமினார்கள்.

"பதில் சொன்னா கருத்தாளர் ஆக்கிருவாங்கன்னு பயமா?"

அங்கங்கே சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"ஒருத்தர் சொன்னா ஆக்குவாங்க. எல்லாருமே சொல்லுங்க. எல்லாரையும் மேடையில ஏத்திட்டா, கீழ உக்கார ஆளுக்கு எங்க போவாங்க?"

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. விருமாண்டி சார் எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் வாழ்நாளில் முதல்முறையாக மேடையைப் பார்த்துப் பேசினார்.

"எம் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. ஒத்தை ஆளு நானு. சாவி இந்தா, என் பையிலதான் இருக்கு." சாவியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "பிள்ளைக வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கும். மூணு நாளாப் போயிருக்கும். அத நெனச்சுக்கிட்டே இங்க உக்காந்து உங்க ஆட்டத்துக்கெல்லாம் கை தட்டிக்கிட்டிருக்கேன். போதுமய்யா."

அவ்வளவுதான், மடை உடைந்த மாதிரி ஆயிற்று. ஒரு அம்மா எழுந்து, சத்துணவு ஆயாதான் தன் பள்ளியில் பாடம் நடத்துகிறாள் என்றாள். வாடிப்பட்டிக்காரர் ஒருவர், "நேத்து எம் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கைய ஒடிச்சிக்கிட்டான், எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்!" என்று கத்தினார். ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் பேசினார். பாலகணேஷ் நடுவில் நின்று, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா, சார்ட்டுல எழுதிருவோம்" என்று ஸ்கெட்ச் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்ருன்னிசா மைக்கை அணைக்காமலே கீழே வைத்துவிட்டு வெளியேறினாள்.

வாசலில் தள்ளுவண்டியிலிருந்து பிரியாணிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த சுலைமான் அவளைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த இரைச்சலையும் கேட்டான்.

"என்னா பக்ரு, உள்ள சண்டையா?"

"பயிற்சி," என்றாள். "நான் ஊருக்குப் போறேன். பாலகணேஷ் சார் கேட்டா, எனக்குச் சம்மதமில்லன்னு சொல்லுங்க. இல்லாட்டி ஒண்ணுமே சொல்லாதீங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேலூர் எக்ஸ்பிரஸ்ல ஏறாத, அது உள்ள சுத்தும். திருச்சி வண்டியில ஏறு" என்றான்.

மழை கழுவிய யானைமலை அன்றைக்குக் கறுப்பாக மினுங்கியது. பஸ் மேலூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடலைக்காடுகளில் ஆட்கள் தெரிந்தார்கள். மண் இளகியிருக்கும்போதே செடியைப் பிடுங்கிவிட வேண்டும். காய்ந்து இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும். ஈரம் தங்கினாலோ காய் உள்ளேயே முளைத்துவிடும். அதனால் மழைக்கு மறுநாள் ஊரில் கை உள்ள யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பிடுங்க ஒரு கூட்டம், நிழலில் உட்கார்ந்து காயை ஆய ஒரு கூட்டம். ஆய்வதற்குப் பிள்ளைகளின் விரல்தான் தோது.

அவள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. அலுவலர் வராந்தாவில் கிளம்பத் தயாராக நின்றிருந்தார். கண்ணுச்சாமி அவருக்குப் பின்னால், களவு கொடுத்தவர் மாதிரி.

"நீங்க பயிற்சியில இல்ல இருக்கணும்?" என்றார் அலுவலர்.

"ஆமா சார். தலைமையாசிரியர் எப்படி இருக்கணும்னு அங்க சொல்லிக்கிட்டிருக்காங்க. நான் இங்க இருந்துக்கிறேன்னு வந்துட்டேன்."

அவர் முகம் இறுகியது. "நான் தலைய எண்ணிட்டேன். பாதிகூட இல்ல. எழுதிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"அது முற்பகல் வரவு சார். பிற்பகல் வரவு இன்னும் எடுக்கல." அவள் உள்ளே போய் மேல் வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எடுக்கணும்னு நீங்கதான் சுற்றறிக்கை போட்டீங்க. ரெண்டையும் பாக்காம எப்படி எழுதுவீங்க?"

"பதிவேட்ட எங்க கொண்டு போறீங்க?"

"பிள்ளைக இருக்கிற எடத்துக்கு. வாங்க சார், பக்கந்தான்."

பதிவேடு இல்லாமல் அவரால் எதையும் எழுத முடியாது. அவர் பளபளக்கும் ஷூவோடு வரப்பில் இறங்கினார்.

சோலையம்மாளின் காட்டில்தான் ஊரே கிடந்தது. பிடுங்கிய செடிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. புங்கமரத்தடியில் எட்டாம் வகுப்பு முத்துத்தாயும் மற்றப் பெண்களும் மடியில் செடியை வைத்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பையன்கள் பிடுங்குகிறவர்களுக்குப் பின்னால் மண்ணை உதறிக்கொண்டு போனார்கள். டீச்சரைப் பார்த்ததும் கைகள் நின்றன.

சோலையம்மாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். முத்துத்தாயின் அம்மா அவள்தான். "வாங்க டீச்சர். அத்தி பூத்த மாதிரி வந்திருக்கீக. இன்னைக்கு மட்டும் பிள்ளைகளக் கேக்காதீக. கடலை முளைச்சிரும். பள்ளிக்கூடம் எங்க ஓடியா போகப்போகுது?"

"பள்ளிக்கூடந்தான் ஓடப்போகுது சோலை. திருச்சி ரோட்டுக்கு அங்கிட்டு ஓடப்போகுது. இந்தா நிக்கிறாரே, இவரு அத ஓட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு."

அலுவலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சோலையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாத்துக்கு?"

"பிள்ளைக வரலையாம்."

"பிள்ளைக எங்கிட்டு வரும்? நீங்க இருந்தீகளா?" அவள் குரல் உயர்ந்தது. செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். "கேக்குறேன்னு கோவிக்காதீக. மொதல்ல காலையில வாசல்ல வந்து நிப்பீக. எம் மக தலையச் சீவுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும், எங்க டீச்சருக்கு வெயில் பட்டுருமோன்னு. இப்ப? ஒருநா இருக்கீக, ஒம்போது நா இல்ல. பள்ளிக்கூடம் போயி எம் மக என்னா செய்யுது தெரியுமா? வேப்பங்கொட்டை பொறுக்குது. அதுக்கு இங்க வந்து கடலை ஆஞ்சா எனக்கு ஒரு ஆள் கூலியாவது மிஞ்சுமில்ல?"

பக்ருன்னிசாவிடம் இதற்குப் பதில் இருந்தது. பயிற்சி, ஆணை, ஆபீஸ். எல்லாம் நிஜம். எதையும் சொல்லவில்லை.

"நீ சொல்றது சரி," என்றாள்.

சோலையம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "சரி, இன்னைக்கு அனுப்புறேன். கடலையில பாதி முளைச்சாலும் போகுது. நாளைக்கு நீங்க இருப்பீகளா? அத மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு அவங்களுக்குப் பயிற்சி இருக்கு," என்றார் அலுவலர். "வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"நான் ஓங்களக் கேக்கலய்யா. டீச்சரக் கேக்குறேன்."

காடு முழுவதும் அவளைப் பார்த்தது. ஈர மண்ணின் வாசமும் பச்சைக் கடலையின் வாசமும் கலந்து மூக்கில் ஏறின.

"இருப்பேன்," என்றாள் பக்ருன்னிசா. "நாளைக்கும் இருப்பேன், நாளான்னைக்கும் இருப்பேன். எந்தப் பயிற்சிக்கும் போக மாட்டேன்."

"டீச்சர், யார் முன்னாடி பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க. இத நான் எழுத வேண்டிவரும்."

"எழுதுங்க சார். மெமோ குடுங்க, பதினேழு பி சார்ஜ் குடுங்க, எது வேணும்னாலும் குடுங்க. ஆனா முகவரிய மட்டும் பயிற்சி மையம்னு போட்டுறாதீங்க. கம்பூத்துப்பட்டின்னு போடுங்க. அங்கதான் நான் இருப்பேன்."

அவர் ஷூவில் ஒட்டிய செம்மண்ணை வரப்பில் தேய்த்தார்.

பக்ருன்னிசா எட்டாம் வகுப்புப் பதிவேட்டைப் பிரித்தாள். காற்றில் தாள் படபடத்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பறையில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டாள்.

"அழகுமீனா."

குவியலுக்குப் பின்னாலிருந்து, "உள்ளேன் டீச்சர்."

"ஆண்டிச்சாமி."

தூரத்தில் மண்ணை உதறிக்கொண்டிருந்தவன் செடியோடு கையைத் தூக்கினான். "உள்ளேன் டீச்சர்!"

"சத்தமா. சாருக்குக் கேக்கணும்."

"உள்ளேன் டீச்சர்!"

பெயர் பெயராகக் கூப்பிட்டாள். மரத்தடியிலிருந்தும் உழவுச்சாலிலிருந்தும் வரப்போரத்திலிருந்தும் பதில் வந்தது. பதில் சொன்ன ஒவ்வொரு பிள்ளையும் மடியிலிருந்ததை உதறிவிட்டு எழுந்து வரப்பில் வந்து நின்றது. முத்துத்தாயின் பெயருக்குப் பதில் வரவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சோலையம்மாள் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். மண்ணை ஓங்கி உதறினாள்.

"என்னைய என்னாத்தடி பாக்குற?" என்றாள். "கூப்பிடுறாகள்ல, வாயத் தொற."